உள்ளத்தைக் கேட்டறிதல்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மனோவியாதியை வைத்தியர்கள் எவ்வாறு அறிந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் உளவியலை ஒரு பாடமாகப் படிக்கும் மாணவன், வைத்தியன் அல்லன். ஆகவே இங்கு யாருக்கும் என்ன நோய் என்று நான் சொல்லப்போவதில்லை. கூட்டம் முடிந்தபின் என்னைத் தனியே அழைத்துக் கேட்டாலும் சொல்லமாட்டேன். வைத்தியர் கேட்கும் கேள்விகளைப் பற்றியும், நம் மலையகத்து மக்கள் அக்கேள்விகளுக்கு விடை சொல்லும் விதத்தைப் பற்றியும் மட்டுமே பேச விரும்புகிறேன்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் உஷ்ணமானி வைத்துப் பார்க்கிறார்கள். சீனி வியாதி என்றால் இரத்தம் எடுக்கிறார்கள். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படம் இருக்கிறது. ஆனால் ஒரு மாதமாய் உறக்கமில்லை, உணவில் மனமில்லை, பெற்ற பிள்ளை மடியில் வந்து விழுந்தாலும் மகிழ்ச்சியில்லை என்றிருக்கும் ஒரு தாய்க்கு எந்தக் கருவியை வைத்துப் பார்ப்பது? இரத்தச்சோகையாலும் தைரொயிட் சுரப்பியின் கோளாறாலும் மனம் சோர்வதுண்டு. அவற்றைக் கண்டுபிடிக்கவும் விலக்கவும் இரத்தச் சோதனை உதவும். அவை இல்லையென்று தெரிந்தபின் எஞ்சியிருக்கும் துன்பத்தை அளக்க, விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்த இந்நாளிலும், பேச்சைத் தவிர வேறு கருவி கிடையாது. வைத்தியர் கேட்கிறார், நோயாளி சொல்கிறார், அருகிருப்போரும் சொல்கிறார்கள். இதனையே வைத்தியப் பேட்டி என்கிறோம். பேட்டி என்றதும் பத்திரிகை நிருபர் மந்திரியைக் காணப் போவது நினைவுக்கு வரும். இந்தப் பேட்டியில் மந்திரி இடத்தில் இருப்பவர் நோயாளி.

முதற் பேட்டி முறையாக நடந்தால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் செல்லும். வந்தவர் எப்படி நடந்து வந்தார், உடையில் கவனம் இருக்கிறதா, முகம் நோக்கிப் பேசுகிறாரா, சொற்கள் ஓடுகின்றனவா அல்லது ஊர்கின்றனவா என்பவற்றை வைத்தியர் கேள்வி கேட்குமுன்பே பார்த்துக்கொள்கிறார். பின்பு உறக்கம், பசி, வேலை, குடும்பம், பழைய நோய்கள், மனத்தில் திரும்பத் திரும்ப வரும் எண்ணங்கள், பிறர் கேளாத குரல்கள் கேட்கின்றனவா என்பது, ஞாபகம், கடைசியாக, தனக்கு நோய் இருப்பதாக அவரே எண்ணுகிறாரா என்பது. இவை பாடப்புத்தகத்தில் உள்ள தலைப்புகள். அவற்றை இங்கு விரித்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

மிஷன் பாடசாலையில் படித்த எனக்குச் சிறுவயதில் தெரிந்த முதல் மனநோயாளி சவுல் அரசன். அவனைத் துயரம் பிடித்தபோது தாவீது யாழ் வாசித்தான், அரசன் ஆறுதலடைந்தான். ஆனால் அந்த அதிகாரம் முழுவதிலும், "அரசே, உமக்கு என்ன செய்கிறது?" என்று ஒருவராவது கேட்டதாக இல்லை. அப்படிக் கேட்ட கதையொன்று நம்மிடம் இருக்கிறது. அதுவும் நம் மலைநாட்டைச் சேர்ந்தது என்று நாம் உரிமை கொண்டாடும் கதை. நுவரெலியாவிலிருந்து ஹக்கலைக்குப் போகும் வழியில் சீதா எலியாக் கோயிலைப் பார்க்காதவர்கள் இங்கு இருக்கமாட்டீர்கள். அங்கேதான் அசோகவனம் இருந்தது என்பது நம்பிக்கை. சுந்தரகாண்டத்தில் வால்மீகி முனிவர் சொல்வதைக் கவனியுங்கள். அனுமன் மரக்கிளையில் மறைந்திருந்து சீதையை நெடுநேரம் பார்க்கிறான். இராவணன் வந்து மிரட்டிப் போவதையும், அரக்கியர் சூழ்ந்து அச்சுறுத்துவதையும் காண்கிறான். அவளோ தன் கூந்தலையே கயிறாக்கி உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணும் நிலைக்கு வந்துவிட்டாள். அந்த நேரத்தில் அனுமன் யோசிப்பது என்ன தெரியுமா? எந்த மொழியில் பேசுவது என்று! கற்ற அந்தணனைப்போல் சமஸ்கிருதத்தில் பேசினால், இவன் வேடமிட்ட இராவணன் என்று அவள் அஞ்சுவாள். ஆகையால் சாதாரண மனிதர் பேசும் பேச்சில்தான் பேசவேண்டும் என்று தீர்மானிக்கிறான். பேசத் தொடங்கும்போதும் அவளிடம் கேள்வி கேட்கவில்லை. தசரதன் கதையை மெல்ல எடுத்துச் சொல்கிறான். அதன்பின்னும் அவள் நம்பவில்லை. இராமனுடைய அங்க அடையாளங்களைச் சொல் என்று அவள்தான் அவனைப் பரீட்சிக்கிறாள். அந்தப் பரீட்சையில் அவன் தேறிய பிறகே கணையாழி கைமாறுகிறது.

இன்று மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் பேட்டிமுறையின் முதற் பாடம் இதில் அப்படியே இருக்கிறது என்பது என் எண்ணம். பார், பொறு, அவள் மொழியில் பேசு, உன்னை அவள் சோதிக்க இடங்கொடு.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். நம் மக்களிடம் இதுவரை கேள்வி கேட்டு வந்தவர்கள் யார்? பிரட்டுக் களத்தில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கேட்டார்கள்: ஏன் நேற்று வேலைக்கு வரவில்லை? பங்களாவில் துரை கேட்டார். பொலிஸ்காரர் கேட்டார். 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபின், 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் மனுச்செய்தவர்களை விசாரணை உத்தியோகத்தர் கேட்டார்: எந்த வருஷம் வந்தாய், அப்பன் எங்கே பிறந்தான், கடுதாசி எங்கே? ஒரு வார்த்தை தவறினால் மனு போயிற்று. 1964 இல் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது இன்னொரு முறை கேள்விகள். அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் இரண்டாய்ப் பிரிந்து ஒரு பாதி கப்பலேறியது. எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கிய சட்டம் வந்தது 2003 இல். இத்தனை காலம் கேள்வி என்றால் ஆபத்து என்று கற்றுக்கொண்ட சமூகம், சுருக்கமாக விடை சொல்லக் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. "ஆமாங்க." "இல்லீங்க." "நல்லாத்தான் இருக்கேங்க."

இந்தப் பழக்கம் வைத்தியப் பேட்டியைக் கெடுத்துவிடும். "தூக்கம் வருதா?" என்றால் "வருதுங்க". "மனசுல கவலையா?" என்றால் "இல்லீங்க". பெரியவர் எந்த விடையை விரும்புகிறார் என்பதை அவர் முகத்தைப் பார்த்தே நம் மக்கள் கண்டுகொள்வார்கள். மரியாதையாலும் அச்சத்தாலும் பிறந்த விடையை உண்மையென்று எழுதிக்கொண்டால், நோய் கடுதாசியில் இராது. லயத்துக்குத் திரும்பிப் போய்விடும். அதனாலேயே ஆம், இல்லை என்று முடியாத கேள்வியாகக் கேட்கவேண்டும் என்கிறார்கள். "ராத்திரி எப்படிப் போகுது, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாய்மூடியிருக்க வேண்டும். வரிசையில் அறுபது பேர் காத்திருக்கும் கிளினிக்கில் வாய்மூடியிருப்பது எளிதன்று. வைத்தியர்களைக் குறைசொல்லி நான் இதைப் பேசவில்லை.

அடுத்தது மொழி. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, நல்லது. ஆயினும் மலையக வைத்தியசாலைகளில் தமிழ் அறியாத வைத்தியரும் சிங்களம் அறியாத நோயாளியும் எதிரெதிரே அமர்வது இன்றும் காணும் காட்சியே. நடுவில் யார் மொழிபெயர்க்கிறார்கள்? வார்டில் வேலைசெய்யும் ஒருவர். அல்லது பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்த பத்து வயது மகன். ஒரு தாய் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்குதுங்க, ராவெல்லாம் ஒரே யோசனை, மேலுக்குச் சொகமில்லை" என்கிறாள். மகன் திரும்பி, "பப்புவ ரிதெனவா" என்கிறான். நெஞ்சு வலிக்கிறதாம். வைத்தியர் தம் கடமையைச் சரியாகவே செய்கிறார்: இதயத்தின் மின்படம் எடுக்கிறார்; அதில் குற்றமில்லை; வாய்வுக்குக் குளிசை கொடுத்து அனுப்புகிறார். கல்லும் போயிற்று, யோசனையும் போயிற்று. இன்னொன்று: அவளுடைய துன்பத்துக்குக் காரணம் கணவன் சம்பள நாளன்று தவறணையிலிருந்து திரும்பி வந்து செய்யும் கொடுமையாக இருந்தால், அதை மகன் வாயால் சொல்லச் சொல்வாளா? சொன்னாலும் அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு எங்கே போவான்?

நம் பேச்சிலுள்ள சொற்களின் பொருளை நன்றாய்த் தெரிந்தவர்களே இங்கு வேண்டும். "யோசனை" என்பது நம் தோட்டங்களில் சிந்தனை என்று மட்டும் பொருள்படுவதில்லை. தீராக் கவலைக்கும் அதுவே பெயர். "பயந்துட்டா", "காத்துக் கருப்பு பட்டிருக்கு", "யாரோ செய்வினை செஞ்சுட்டாங்க", "மனசு ஒரு மாதிரியா இருக்கு": இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு கதவு. திறந்து பார்த்தால் உள்ளே சில வேளை மனச்சோர்வு இருக்கும், சில வேளை கடன் இருக்கும், சில வேளை இரண்டும் இருக்கும். "மருந்து குடிச்சிட்டான்" என்றால் வைத்தியர் கொடுத்த மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிட்டான் என்று வெளியூர்க்காரர் எண்ணக்கூடும். நமக்கு அது வேறு பொருள்; கேட்டவுடன் லயமே ஓடும்.

படித்தவர்க்கென்று எழுதப்பட்ட கேள்விகளும் நம்மவரை ஏமாற்றும். 1975 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஞாபகச் சோதனையொன்று உலகமெங்கும் வழங்குகிறது. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு வா என்றெல்லாம் அதில் உண்டு. நாற்பது வருடம் கொழுந்தெடுத்த ஒரு பாட்டியிடம் தேதியைக் கேட்டால் விழிப்பாள். எந்த மலையில் இந்த வாரம் கொழுந்து, சம்பளத்துக்கு இன்னும் எத்தனை நாள், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்றா என்று கேளுங்கள்; தடையின்றிச் சொல்வாள். நூறில் ஏழு போகாது; ஆனால் நிறுவையில் கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள், பேர் போட எவ்வளவு குறைந்தது என்று கணக்கப்பிள்ளையோடு வாதாடி வெல்வாள். அவளுக்குப் புத்தி மங்கிவிட்டது என்று எழுதினால் மங்கியது அவள் புத்தியன்று.

கேட்பவர் எங்கே பயின்றார் என்பதாலும் விடை மாறிவிடும் என்பதற்கு மேல்நாட்டிலேயே சான்று உண்டு. நோயாளிகளின் பேட்டிகளைப் படம்பிடித்து, அமெரிக்க வைத்தியர்களுக்கும் பிரித்தானிய வைத்தியர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். 1971 இல் வெளியான முடிவின்படி, ஒரே மனிதனைப் பார்த்த அமெரிக்கர்களில் 69 விழுக்காட்டினர் அவனுக்கு மனச்சிதைவு என்றார்கள். பிரித்தானியரில் 2 விழுக்காட்டினரே அப்படிச் சொன்னார்கள். அவன் சொன்னதோ இருவருக்கும் ஒரே சொற்கள். அதுவும் இருவரும் அறிந்த ஆங்கிலத்தில்! இத்தகைய முரண்பாடுகளைக் குறைக்கவே ஒழுங்குபடுத்திய பேட்டிகள் பிறந்தன. எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, எந்த விடையை எப்படிக் குறிப்பது என்று அவற்றில் வரையறுத்திருக்கும். இலண்டனில் ஜோன் விங் என்பவரும் அவருடைய தோழர்களும் அமைத்த பேட்டியை உலகச் சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் 1,202 நோயாளிகளிடம் பயன்படுத்திற்று. இந்தியாவில் ஆக்ரா அவ்வாராய்ச்சியின் நிலையமாக இருந்தது. 2013 இல் அமெரிக்க உளவைத்தியச் சங்கம் வெளியிட்ட கைந்நூலில் பண்பாட்டைப் பற்றிய 16 கேள்விகள் சேர்க்கப்பட்டன. உங்கள் துன்பத்துக்கு உங்கள் வீட்டார் என்ன பெயர் சொல்கிறார்கள், எதனால் வந்ததென்று எண்ணுகிறார்கள் என்ற வகையான கேள்விகள் அவை. நம் பாட்டிமார் பூசாரியிடம் சொல்வதை வைத்தியர் தாமே கேட்கும்படி செய்த ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம்.

இங்கே ஒரு விஷயத்தை இந்து வாலிபர்களாகிய நாம் தெளிவாக விளங்கிக்கொள்ளவேண்டும். திருவிழாவில் உடுக்குச் சத்தம் எழும்போது சாமியாடுகிற பெண்ணுக்கு நோய் என்று எவரும் சொல்லத் தேவையில்லை. உரிய நேரத்தில் வருகிறது. திருநீறு பூசியதும் இறங்குகிறது. மறுநாள் காலை அவள் மலைக்குப் போகிறாள். ஊரார் அதை விளங்கிக்கொள்கிறார்கள். ஆனால் உடுக்கும் இல்லை, திருவிழாவும் இல்லை, நள்ளிரவில் தனக்கு மட்டும் கேட்கும் குரல் தன்னைத் திட்டுகிறது, சோற்றில் விஷம் இருக்கிறது என்று வாரக்கணக்காய்ச் சாப்பிடாமல் இருக்கும் பையனைக் கோயிலில் கட்டிவைத்துப் பிரம்பால் அடிப்பது பக்தியும் அன்று, வைத்தியமும் அன்று. இரண்டையும் வேறுபடுத்துவது நிதானமான பேட்டி. மந்திரித்துக் கயிறு கட்டட்டும், நான் தடுக்கவில்லை. கயிற்றோடு வைத்தியரிடமும் கூட்டிப் போகட்டும்.

பிள்ளை பெற்ற தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டறிய 1987 இல் எடின்பரோவின் பெயரால் பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்று வெளியாயிற்று. அதில் ஒரு வாக்கியம் ஆங்கில மரபுத்தொடர். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், பொருள்கள் என்மேல் ஏறி உட்கார்ந்தன என்றுதான் வரும்! வேலூரில் அத்தாளின் தமிழ் வடிவத்தைச் சோதித்துப் பார்த்து 2005 இல் முடிவை வெளியிட்டார்கள். தமிழ் வடிவம் ஒன்று இருந்தாற் போதாது, தமிழ்த் தாய்மாரிடம் அது சரியாய் வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பதை அறிந்த செயல் அது. எனினும் தாளில் வரும் எண் ஒரு மணியோசை மாத்திரமே. மணி அடித்தபின் யாராவது உட்கார்ந்து பேசியாகவேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்விக்கு வருகிறேன். 1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று அது. பின்னர் அது மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. கொடிய பூச்சிநாசினிகளையும் களைநாசினிகளையும் படிப்படியாகத் தடைசெய்ததே அதற்கு முதற் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். பேட்டியால் இறங்கியது என்று நான் பொய்ப்பெருமை பேசமாட்டேன். ஆனால் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1998 வரையில் தற்கொலை முயற்சி நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. வைத்தியர் கேட்டதற்கு உண்மை சொன்னால் பொலிசுக்குப் போய்விடுமோ என்று அஞ்சிய காலம் அது. பேட்டி வேறு, வாக்குமூலம் வேறு என்பது அக்காலத்தில் எவருக்கும் விளங்கியிராது. சட்டம் போய் வருடங்கள் பல ஆயின. அச்சம் மட்டும் லயங்களில் மிச்சமிருக்கிறது. குடும்பத்தவர், "தவறிப்போய்க் குடிச்சிட்டாங்க" என்றே இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சாகும் எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆராய்ச்சிகளில் அப்படிக் காணப்படவில்லை. கேட்கப்பட்டவர்கள் பலர் ஆறுதலடைகிறார்கள். கேட்கும் முறை மட்டும் தெரியவேண்டும். "இருந்தென்ன, போனாலென்னன்னு தோணுதா?" என்று தொடங்கி, விடைக்குக் காத்திருந்து, பிறகு நேரடியாகவே கேட்கவேண்டும். ஆம் என்றால் உபதேசம் செய்யக்கூடாது. "பிள்ளைகளை நினைத்துப் பார்" என்று அதட்டக்கூடாது. தனியே விட்டுவிடாமல் வைத்தியசாலைக்கு அழைத்துப் போகவேண்டும். அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் எல்லோரும் அறிந்திருப்பது நன்று. அந்த வைத்தியசாலை தோன்றிய ஆண்டும் 1926 தான். அங்கொடை என்ற பெயரை நாம் வசைமொழியாக்கி வைத்திருக்கிறோம். "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று விளையாட்டாய்ச் சொல்லும் ஒவ்வொரு முறையும், நோயுற்ற ஒருவனுடைய வாயை அடைக்கிறோம்.

குடும்பத்தாரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1950 களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் வைத்தியசாலை வளவில் கூடாரமடித்து நோயாளிகளின் உறவினரையும் உடன் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் 1957 இல் தொடங்கிய மனநல நிலையத்திலும் குடும்பத்தினர் நோயாளியுடன் இருந்தார்கள். நோயாளி சொல்ல மறந்ததை, அல்லது சொல்ல இயலாததைச் சொல்பவர்கள் அவர்களே. நம் தோட்டத்திலும் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனால் வீட்டோடு போகிறோம். அது பெரும் பலம். ஆனால் மருமகள் பேசவேண்டிய இடத்தில் மாமியார் மட்டும் பேசினால் அது பேட்டியன்று. வீட்டாரோடு சேர்த்து ஒரு முறையும் நோயாளியைத் தனியாக ஒரு முறையும் கேட்கவேண்டும். தனிமை என்பது லயத்தில் கிடைக்காத பொருள். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். வைத்தியசாலையிலாவது ஒரு கதவைச் சாத்திக்கொண்டு பேச இடம் வேண்டும்.

நம் சங்கத்தினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வைத்தியரை நாம் உண்டாக்க முடியாது. ஆனால் இரண்டு மொழியும் அறிந்த வாலிபர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பெண் அங்கத்தவர்களும் இருக்கிறார்கள். வைத்தியசாலை அதிகாரிகளின் அனுமதியோடு, கிளினிக் நாட்களில் இருவர் வீதம் சென்று மொழிபெயர்க்கலாம். அதற்குச் சிறிது பயிற்சி வேண்டும். பெண்ணுக்குப் பெண்ணே போகவேண்டும். அதே டிவிசனைச் சேர்ந்தவர் போகக்கூடாது. சொன்னதைச் சொன்னபடியே சொல்லவேண்டும். "நெஞ்சில கல்" என்றால் கல்லையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பைத்தியக்காரப் பேச்சு என்று தோன்றுவதைத் திருத்தி அழகாக்கக்கூடாது, ஏனென்றால் வைத்தியருக்கு அதுவே வேண்டியது. கேட்டதை வெளியே ஒருவரிடமும் சொல்லக்கூடாது, மனைவியிடமும் கூடாது. இந்தக் கடைசி விதியைக் காப்பாற்ற முடியாதவர்கள் வேறு தொண்டு செய்யட்டும். மார்கழிப் பஜனைக்கு எப்போதும் ஆள் தேவைப்படுகிறது.

இதை அடுத்த பொதுக்கூட்டத்தில் பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்த அங்கத்தவர்கள், இன்று கலைந்து போகுமுன் காரியதரிசி அவர்களிடம் தம் பெயரையும், வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்பதையும் கொடுத்துவிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.